கால் பெருவிரலைத் தூக்கச் சொல்லிப் பார்க்காதவருக்கு 28,000 ரூபாய் கொடுத்தேன்

கோவையில் தையல் வேலை செய்கிறேன். நேற்று சாயங்காலம் நான் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைத்துவிட்டார்கள், அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். சயாட்டிகா வலியை, அதாவது முதுகில் நரம்பு அழுந்திக் கால் வரை இழுக்கும் வலியை, முதுகில் நெட்டி எடுத்தே சரிசெய்கிறோம் என்று ரீல்ஸ் போடும் ஒரு கைரோபிராக்டிக் சென்டரில் 28,000 ரூபாய் போயிற்று. சீட்டு எடுத்த பணம்.

இடது பிட்டத்தில் தொடங்கி தொடை, கெண்டைக்கால் வழியாகப் பாதம் வரை சுளீரென்று இழுக்கும். மெஷினில் பத்து நிமிஷம் உட்கார முடியாது. எலும்பு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, கீழ் முதுகில் எல்4-எல்5 எலும்புகளுக்கு இடையில் ஜவ்வு பிதுங்கி நரம்பை அழுத்துகிறது, மாத்திரை சாப்பிடுங்கள், முடிந்த அளவு நடங்கள், ஆறு வாரம் பார்க்கலாம் என்றார். மூன்றாவது வாரமே எனக்குப் பொறுமை போய்விட்டது.

சென்டரில் எம்.ஆர்.ஐ. கவரை நீட்டினேன். "இருக்கட்டுங்கம்மா" என்று அங்கே நெட்டி எடுப்பவர் வாங்கி மேஜை ஓரத்தில் வைத்தார், பிரிக்கவே இல்லை. குப்புறப் படுக்கச் சொல்லி, இரண்டு குதிகாலையும் சேர்த்துப் பிடித்து, என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "பாருங்க சார், இடது கால் அரை இன்ச் குட்டை. எல்லாத்துக்கும் இதுதான் காரணம்" என்றார். அப்புறம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, தோளை ஒரு பக்கமும் இடுப்பை ஒரு பக்கமும் தள்ளி ஒரே முறுக்கு. மடக்கென்று சத்தம். மறுபடி குப்புறப் படுத்தால் இரண்டு குதிகாலும் சமம்! என் வீட்டுக்காரர் அதைப் போனில் படமே எடுத்தார். அந்த இடத்தில்தான் நம்பிவிட்டோம். படுக்கிற வாக்கில் இடுப்பு கொஞ்சம் சாய்ந்தாலே கால் ஏறி இறங்கித் தெரியும் என்பதும், அந்தச் சத்தம் மூட்டு நீரில் வாயுக் குமிழி உண்டாவதால் வருவதே தவிர எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் இல்லை என்பதும் இப்போதுதான் தெரியும். எழுந்து நின்றபோது வலி நிஜமாகவே குறைந்த மாதிரி இருந்தது. 12 சிட்டிங் பேக்கேஜ், இன்றே கட்டினால் 28,000, நாளைக்கு 36,000 என்றார்கள். கவுன்ட்டரிலேயே நின்று ஜி-பேயில் போட்டோம்.

நான்காவது சிட்டிங் முடிந்து வீட்டு வாசலில் வந்து பார்க்கிறேன், இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. பாதத்தின் மேல்பக்கம் மரத்துக் கிடந்தது. போன் செய்தால், "நரம்பு திறக்கும்போது அப்படித்தாங்க்கா இருக்கும், நல்ல அறிகுறி" என்றது ரிசப்ஷன் பெண். சாரிடம் பேச வேண்டும் என்றேன். சிட்டிங்கில் இருக்கிறார். மறுநாளும் சிட்டிங். அதற்கு மறுநாள் வெளியூர்.

அரசு மருத்துவமனைக்குப் போனேன். அங்கே டாக்டரம்மா முதலில் என் பாதத்தைத்தான் பார்த்தார். பெருவிரலை மேலே தூக்கச் சொன்னார். வலது விரல் தூக்கியது. இடது விரலை நானே குனிந்து பார்த்துக்கொண்டு தூக்குகிறேன், அசையவில்லை. குதிகாலால் நடக்கச் சொன்னார், அதுவும் முடியவில்லை. மொத்தம் இரண்டு நிமிஷம். முறுக்கியதால்தான் இப்படி ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, அழுத்தம் தானாகவே கூடியிருக்கலாம் என்றார். ஆனால் காலில் பலம் இருக்கிறதா என்று பார்க்காமல் முதுகில் கை வைத்திருக்கவே கூடாது என்றார். 28,000 ரூபாய் வாங்கியவருக்கு அந்த இரண்டு நிமிஷம் இல்லை.

மீதி 8 சிட்டிங்குக்கான பணத்தையாவது கொடுங்கள் என்றால், பேக்கேஜ் பணம் திரும்பாது, வேண்டுமானால் உங்கள் வீட்டுக்காரர் பெயருக்கு மாற்றித் தருகிறோம் என்கிறார்கள். அவருக்கு முதுகில் ஒரு வலியும் கிடையாது! ரசீதில் 'வெல்னஸ் சர்வீஸ்' என்றுதான் போட்டிருக்கிறது, சிகிச்சை என்ற சொல்லே இல்லை. பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டிருக்கிறீர்களே, பதிவு எண் என்ன என்று வாட்ஸ்அப்பில் கேட்டேன். நீல டிக் விழுந்தது, பதில் வரவில்லை. அமெரிக்காவில் இந்தக் கைரோபிராக்டிக்குக்குத் தனிப் படிப்பும் லைசென்ஸும் உண்டாம். இங்கே இதற்கென்று ஒரு கவுன்சில் கிடையாது.

என்னென்ன கேட்க வேண்டும் என்று விவரமாக எழுத நினைத்தேன், உட்கார முடியவில்லை. எம்.ஆர்.ஐ. படத்தைப் பிரிக்காதவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள். பேக்கேஜாகக் கட்டவே கட்டாதீர்கள். விரல் தூக்கவில்லை, பாதம் தொங்குகிறது என்றால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ தெரியாமல் போனாலோ, தொடை இடுக்கில் மரத்தாலோ, நடுராத்திரியானாலும் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். நுகர்வோர் உதவி எண் 1915, நாளைக் காலையில் நான் கூப்பிடப் போகிறேன்.