ஹீட்டிங் பேட்: அம்மாவோட பித்தப்பை ஆபரேஷனுக்கு அப்புறம் யூஸ் பண்ணது

அம்மாவுக்கு பித்தப்பைக் கல்லுக்கு லேப்ராஸ்கோபி பண்ணி மறுநாளே வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. நாலு சின்ன ஓட்டதானே, வலி பெருசா இருக்காதுன்னு நெனச்சோம், ஆனா அன்னைக்கு ராத்திரி வலது தோள்பட்டையப் புடிச்சிக்கிட்டு "இங்க ஏன்டா குத்துது, ஹார்ட்டா இருக்குமோ"ன்னு அழ ஆரம்பிச்சிட்டாங்க. பதறிப்போய் ஆஸ்பத்திரிக்கு போன் அடிச்சா டியூட்டி டாக்டர் மூச்சு முட்டுதா, நெஞ்சு இறுக்குதான்னு எல்லாம் கேட்டுட்டு, ஆபரேஷனப்போ வயித்த ஊத வைக்க கார்பன் டை ஆக்ஸைடு ஏத்துவோம், மிச்சம் இருக்குற கேஸ் உதரவிதானத்த (நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்குற தசை) உறுத்தும், அதோட நரம்பு கழுத்துலேர்ந்து வர்றதால வலி தோள்ல தெரியும், ரெண்டு மூணு நாள்ல போயிடும்னார். இத டிஸ்சார்ஜ் பண்றப்பவே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அம்மா அவ்ளோ பயந்திருக்க மாட்டாங்க, எனக்கு இன்னும் அந்த ஆதங்கம் இருக்கு.

அந்த தோள் வலிக்குதான் இந்த எலக்ட்ரிக் பேட் வாங்கினேன், 700 ரூபாய். நல்லாவே கேட்டுச்சு. குறைஞ்ச சூட்டுல, துண்டு மேல வச்சு பதினஞ்சு நிமிஷம், அப்புறம் எடுத்துடுவோம். ரப்பர் பேக் மாதிரி ஒழுகுற பயம் இல்ல, சூடும் சீக்கிரம் ஆறல. ஆனா ஒயர் ரொம்ப குட்ட, கட்டில் வரைக்கும் எட்டல, உறையையும் கழட்டித் துவைக்க முடியாது. தைலம் தடவிட்டு மேல வச்சிடாதீங்க, தோல் வெந்துடும். தையல் போட்ட எடத்துலயும் வேண்டாம், வச்சுக்கிட்டே தூங்கவும் விடாதீங்க.

பேட் மட்டும் போதாதுங்க. அம்மா வலி வந்தா பாத்துக்கலாம்னு மாத்திரையத் தள்ளிப் போட்டாங்க, வலி ஏறினப்புறம் போட்டா அடங்கவே மாட்டேங்குது. அதுக்கப்புறம் டாக்டர் எழுதுன பாராசிட்டமால் 650-ஐ டைம் பாத்து நானே குடுத்தேன். சளி மாத்திரையிலயும் பாராசிட்டமால் இருக்கும், ரெண்டையும் சேத்துக் குடுத்துடாதீங்க. ஹால்லயே மெதுவா நடக்க விட்டது ரொம்ப உதவுச்சு. இருமல் வந்தா தலகாணிய வயித்தோட அணைச்சிக்கணும், எழுந்திரிக்கறப்ப ஒருக்களிச்சு கைய ஊனி எழணும்.

நாலாவது நாள் தோள் வலி சுத்தமா போயிடுச்சு. தொப்புள்கிட்ட இருந்த காயம்தான் பத்து நாள் வரைக்கும் இழுத்துச்சு. காய்ச்சல், கண்ணு மஞ்சளாறது, வலி கொறையாம ஏறிட்டே போறது, இதுல எது வந்தாலும் பேட வச்சிக்கிட்டு வீட்ல உக்காராதீங்க, நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஒயருக்காக ஒண்ணு கொறச்சிருக்கேன். வாங்கறதா இருந்தா ஆபரேஷனுக்கு முன்னாடியே வாங்கி வச்சிடுங்க, நான் ராத்திரி பதினொரு மணிக்கு மெடிக்கல் ஷாப் தேடி அலைஞ்சேன்.