.22, .223, .308, 6.5 கிரீட்மூர்: யாருக்கு எந்தத் தோட்டா?

கேலிபர் என்றால் குழல் துளையின் அகலம், அவ்வளவுதான் (.22, .308 எல்லாம் அங்குலக் கணக்கு; 6.5 மில்லிமீட்டர் கணக்கு). அதை மட்டும் பார்த்து ரைஃபிள் வாங்கினால் ஏமாந்துபோவோம். .22 எல்ஆர் குண்டும் .223 ரெமிங்டன் குண்டும் ஏறக்குறைய ஒரே பருமன், 5.7 மில்லிமீட்டர். ஆனால் முன்னது வினாடிக்கு 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும், பின்னது 990. ஆற்றலில் சுமார் 12 மடங்கு வித்தியாசம். தோட்டாவுக்குள், குண்டுக்குப் பின்னால் உள்ள வெடிமருந்தில்தான் சங்கதியே இருக்கிறது.

முதல் ரைஃபிள் என்றால் நான் யோசிக்காமல் .22 எல்ஆர் என்பேன். தோட்டா மலிவு, உதை (சுடும்போது துப்பாக்கி தோளில் இடிப்பது) இல்லவே இல்லை என்று சொல்லலாம். ஒலிம்பிக்கின் 50 மீட்டர் ரைஃபிள் போட்டியும் இதில்தான். அங்கே பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் வெறும் 10.4 மில்லிமீட்டர்! 100 மீட்டர் தாண்டினால் லேசான காற்றுகூட குண்டைத் தள்ளிவிடும். அதற்காகச் சின்னத் தோட்டாதானே என்று அலட்சியம் வேண்டாம். ஒன்றரை கிலோமீட்டருக்கு மேலும் பறக்கும். இலக்குக்குப் பின்னால் மண்மேடு கட்டாயம்.

200, 300 மீட்டர் இலக்குகளுக்கு .223 சுகமானது. பெரிய மானுக்கு இது போதாது. ஒரு எச்சரிக்கை: குழலில் .223 என்று மட்டும் பொறித்திருந்தால் 5.56 ராணுவத் தோட்டாவைப் போடாதீர்கள். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் அழுத்தம் எகிறலாம்.

நிஜமான போட்டி .308 வின்செஸ்டருக்கும் 6.5 கிரீட்மூருக்கும்தான். ஒன்று 1952-இல் வந்தது, மற்றது 2007-இல். 10.9 கிராம் .308 குண்டும் 9.1 கிராம் 6.5 குண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் புறப்படுகின்றன. ஆனால் 6.5 ஒல்லி, நீளம், காற்றை எளிதாகக் கிழிக்கும். 1,000 மீட்டரில் .308 ஒலிவேகத்துக்குக் கீழே இறங்கித் தள்ளாடும்போது 6.5 இன்னும் மேலேயே இருக்கும். பக்கக்காற்றில் விலகுவதும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. உதையும் குறைவு.

அப்புறம் .308 எதற்கு? குழல் ஆயுளுக்கு. 6.5 குழல் 2,000 முதல் 3,000 தோட்டாக்களில் துல்லியம் இழக்கத் தொடங்கும்; .308 5,000 வரை தாங்கும். நீங்கள் சுடும் இடமே 300 மீட்டர்தான் என்றால் 6.5-இன் சாமர்த்தியம் கண்ணிலேயே படாது. வாராவாரம் சுடுகிறவருக்கு அங்கே .308-தான் என் தேர்வு.

.30-06, .300 வின்செஸ்டர் மேக்னம் இரண்டிலும் குண்டின் பருமன் .308-இன் அதே 7.82 மில்லிமீட்டர்தான், மருந்துதான் அதிகம். கூடவே உதையும். .300-ஐ வாங்கும் முன், கடன் வாங்கியாவது ஒன்றைச் சுட்டுப் பாருங்கள். கூட இருப்பவரிடம் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் நடுவில் வெடிக்காத ஒரு டம்மித் தோட்டாவைச் சேர்த்து நிரப்பச் சொல்லுங்கள். அது வரும்போது க்ளிக் என்ற சத்தத்தோடு குழல் முனை கீழே குனிந்தால், உதைக்குப் பயந்து உடம்பு முன்கூட்டியே துள்ளுகிறது என்று பொருள். சரி, .300 இப்போதைக்கு வேண்டாம்.