விசிறி ஃபைலும் வெளுத்த பில்லும்

பதின்மூன்று அறை, பொத்தான் மூடி, பிளாஸ்டிக் உடம்பு. விசிறி ஃபைல் எப்படி இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். சேலத்தில் எந்த ஸ்டேஷனரி கடையிலும் கிடைக்கிறது. சில ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் காகிதங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. இப்போது அதைப் பற்றி எழுத வைத்தது எங்கள் இன்வெர்ட்டர் பேட்டரி. ஆனால் நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். கோபம் ஆரம்பித்துவிட்டால் அப்புறம் நியாயம் பேச வராது.

இது வருவதற்கு முன் பீரோவில் ஒரு துணிக்கடைப் பை, சாமி அலமாரிக்குக் கீழே ஒரு பிஸ்கட் டப்பா, மாமனாரின் பழைய தோல்பை என்று காகிதங்கள் சிதறிக் கிடந்தன. எதைத் தேடினாலும் ஒரு மாலைப்பொழுது போய்விடும். அரையாண்டு தொடங்கி 30 நாளுக்குள் சொத்து வரி கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை உண்டு. பழைய ரசீது கிடைப்பதற்குள் அந்த ஏப்ரல் மாதமே முடிந்திருக்கும். இப்போது 'வரி' என்ற அறையைத் திறந்தால் வரிவிதிப்பு எண் கண்முன் நிற்கிறது. ஏப்ரல் முதல் வாரத்திலேயே அம்மாபேட்டை மண்டல அலுவலகத்தில் கட்டிவிட்டு வந்து விடுகிறோம். மின் கணக்கீட்டு அட்டை, கேஸ் புத்தகம், பிள்ளைகளின் தடுப்பூசி அட்டை எல்லாமே அப்படித்தான். மூடியின் பொத்தான் ஒரு வருடத்தில் பிய்ந்துவிட்டது. பாவாடை நாடாவால் கட்டி வைத்திருக்கிறேன். பொத்தானைவிட நாடா உறுதியாக நிற்கிறது.

பத்திர அறையில் மட்டும் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருக்கிறது. ராசிபுரம் நிலத்தின் கிரயப் பத்திரத்தில் சேலம் மாவட்டம் என்றிருக்கிறது. 1997இல் நாமக்கல் தனி மாவட்டமானபோது ராசிபுரம் அந்தப் பக்கம் போய்விட்டது. அதனால் பட்டா நாமக்கல் மாவட்டத்தின் பெயரில் இருக்கிறது. நான் இரண்டையும் சேர்த்து 'நாமக்கல்' அறையில் வைப்பேன். "பத்திரத்தில் சேலம் என்றுதானே போட்டிருக்கிறது? அதன் இடத்தில் வை" என்பார் அத்தை. மறுநாள் பார்த்தால் பத்திரம் மட்டும் சேலத்துக்குத் திரும்பியிருக்கும். இதற்கு ஃபைலைக் குறை சொல்ல முடியாது.

குறை சொல்ல வேண்டியது இனிமேல்தான் வருகிறது. மே மாத வெயிலில் மின்சாரம் போனது, பேட்டரி கைவிட்டது. அதன் வாரண்டி ஐந்து ஆண்டு. முதல் மூன்று ஆண்டுக்குள் பழுதானால் புதியது இலவசம், அதற்குப் பிறகு என்றால் தள்ளுபடி விலையில் தருவார்கள். மூன்று ஆண்டு முடியச் சில மாதங்கள் மிச்சமிருந்தன. ஃபைலைத் திறந்தேன், பில் முதல் இழுப்பிலேயே வந்தது. வந்தது வெறும் வெள்ளைத் தாள். ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தால் கடைப் பெயரில் இரண்டு எழுத்தும் அதன் கீழே மங்கலாக ஒரு கோடும் தெரிந்தன. தேதியும் இல்லை, தொகையும் இல்லை.

அந்தக் கடை பில்லில் மையே கிடையாது. தாளில் பூசிய ரசாயனம் சூடு பட்டுக் கறுப்பதைத்தான் நாம் எழுத்து என்று படிக்கிறோம். பி.வி.சி. பிளாஸ்டிக்கை வளைய வைப்பதற்காகச் சேர்க்கும் எண்ணெய் போன்ற பொருள் அந்தக் கறுப்பை அழித்துவிடும். மேற்குச் சுவரை ஒட்டிய இரும்பு பீரோவும் சேலத்து வெயிலும் கூட்டுச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். இதே பிளாஸ்டிக் ஜெராக்ஸ் தாளிடம் வேறு விளையாட்டுக் காட்டுகிறது. குடும்ப அட்டை நகலை உரித்தெடுத்தபோது பாதி எழுத்து உறையிலேயே தங்கிவிட்டது. அத்தையின் பெயர் இப்போது அங்கே வலமிருந்து இடமாக ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஃபைல் பாதிக் குற்றவாளி என்றால் கடை மீதிக் குற்றவாளி. ஐந்து ஆண்டு வாரண்டி உள்ள பொருளுக்கு மூன்று ஆண்டுகூடத் தாங்காத தாளில் பில் அடித்துக் கொடுப்பதற்கு என்ன பெயர் வைப்பது? நேரில் போய் நகல் கேட்டேன். "கம்ப்யூட்டரை மாற்றிவிட்டோம் அக்கா, பழைய பில் எதுவும் இல்லை" என்றார். ஆண்டறிக்கைக்கான கெடு தேதியிலிருந்து 72 மாதம் கணக்குகளை வைத்திருக்க வேண்டும் என்கிறது ஜி.எஸ்.டி. சட்டம். அதைச் சொன்னதும் ஆடிட்டர் வரட்டும் என்றார். கடைசியில் பேட்டரியின் மேல் பொறித்திருந்த வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பு நிறுவனம் வாரண்டியை முடிவு செய்தது. தயாரித்த தேதியிலிருந்து கணக்குப் போட்டதால், கடை அலமாரியில் பேட்டரி தூங்கிய மாதங்களும் எங்கள் தலையில் ஏறின. மூன்று ஆண்டு தாண்டிவிட்டதாம். பாதி விலை கொடுத்துத்தான் புதியதை வாங்கினோம்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போ என்கிறார்கள். 5 லட்சம் ரூபாய் வரையிலான புகாருக்குக் கட்டணம் இல்லை என்பது எனக்கும் தெரியும். போய் உட்கார நாளுக்கு எங்கே போவது? நேரத்தை மிச்சம் பிடிக்கத்தான் இந்த ஃபைலே வந்தது.

டிஜிலாக்கரில் வைக்கலாமே என்று மகன் கேட்கிறான். ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி. எல்லாம் அதில்தான் இருக்கின்றன, போலீஸ்காரர் கேட்டால் அதையே காட்டலாம். பேட்டரிக் கடை பில் அதில் தானாக வந்து உட்காருமா?

ராசிபுரத்திலிருந்து நாத்தனார் நேற்று போனில் கேட்டாள்: "அண்ணி, அந்த மாதிரி ஃபைல் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். நன்றாக இருக்கிறதா?" வாங்காதே, காசுக்குக் கேடு, காக்கி உறைகளை வாங்கி மேலே பெயர் எழுதி வைத்துக்கொள் என்றேன். "அப்படியானால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள்" என்றாள். அதெல்லாம் தர முடியாது என்று சொல்லிவிட்டேன்.