காலேஜ் லேப்டாப்: லேசானதா, கேமிங்கா?

கவுன்சிலிங் முடிஞ்சு சீட் கன்ஃபர்ம் ஆனதும் வீட்டுல அடுத்த பஞ்சாயத்து லேப்டாப்தான். அப்பா பட்ஜெட் எண்பதாயிரம், ரொம்பப் போனா தொண்ணூறு. பையனுக்கு கீபோர்டுல லைட் எரியுற கேமிங் லேப்டாப் வேணும், கடைக்காரர் "இது ஐ7 ப்ராசஸர் சார், நாலு வருஷத்துக்குக் கவலையே இல்ல"ங்கறாரு, பக்கத்து வீட்டு அக்கா மேக்புக் ஏர் வாங்குங்கன்னு சொல்லிட்டுப் போறாங்க. இதுல குழப்பம் என்னன்னா எல்லாமே கிட்டத்தட்ட ஒரே விலைதான். எம்4 சிப் போட்ட ஏர் 2025 மார்ச்ல 99,900 ரூபாய்க்கு வந்துச்சு, அப்போ ஸ்டூடன்ட் விலை 89,900, சேல் டைம்ல பேங்க் கார்டு ஆஃபர் சேந்தா இன்னும் இறங்குச்சு. அதே காசுக்கு இந்தப் பக்கம் ஆர்டிஎக்ஸ் 4050ங்கற என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு போட்ட லெனோவோ லாக், ஆசுஸ் டஃப், ஹெச்பி விக்டஸ் எல்லாம் வரிசையா நிக்குது. விலை ஒண்ணா இருக்கறதால எது "பவர்" ஜாஸ்தின்னு பாத்து வாங்கிடுறாங்க.

என் கட்சி என்னன்னு முதல்லயே சொல்லிடுறேன். கேமிங் லேப்டாப்ங்கறது தூக்கிட்டுப் போற கம்ப்யூட்டர் கிடையாது, இடம் மாத்தி வைக்கிற கம்ப்யூட்டர். ஹாஸ்டல் டேபிள்லருந்து வீட்டு டேபிளுக்கு, செமஸ்டர் லீவுக்கு ஒரு தடவ. அப்படித்தான் யூஸ் பண்ணப் போறீங்கன்னா தாராளமா வாங்குங்க, காசுக்கு ஏத்த சாமான்தான். தினமும் பையில போட்டு கிளாஸுக்குக் கொண்டு போகணும்னா நிலைமையே வேற.

வெயிட்ட எடுத்துக்கோங்க. ஏர் 1.24 கிலோ. லாக், டஃப், விக்டஸ் 15 இன்ச் எல்லாம் 2.2லருந்து 2.4 கிலோ. ஒரு கிலோதானே வித்தியாசம்னு தோணும், ஆனா ஸ்பெக் ஷீட்ல அடாப்டர் வெயிட்ட எவனும் போட மாட்டான். 200 வாட், 230 வாட் அடாப்டர கையில எடுத்துப் பாத்திருக்கீங்களா, செங்கல்லுதான், கேபிளோட சேத்தா அரை கிலோவுக்கு மேல வரும், பேட்டரி நிக்காதுங்கறதால அதையும் தினமும் தூக்கியாகணும். மொத்தம் மூணு கிலோ கிட்ட. அது போக ரெக்கார்டு நோட், டிபன் பாக்ஸ், தண்ணி பாட்டில். எட்டு மணி தாம்பரம் டிரெயின்ல அந்தப் பைய முன்னாடி மாட்டிக்கிட்டு நின்னு பாத்தவனுக்குத் தெரியும்.

இன்னொண்ணு, வாங்கினப்புறம்தான் கண்ணுல படும். சில கேமிங் மாடல்ல அடாப்டரோட வர்ற பிளக் நம்ம சாதாரண 6 ஆம்ப் சாக்கெட்ல போகாது. கிரைண்டருக்கும் ஏசிக்கும் போடுவோமே, தடிமனான மூணு பின் 16 ஆம்ப் பிளக், அது. கிளாஸ் ரூம்ல, லைப்ரரில, காஃபி ஷாப்ல அந்த சாக்கெட்டுக்கு எங்க போறது? கன்வெர்ட்டர் பிளக்க மாட்டி அது சுவத்துலருந்து தொங்கிட்டே இருக்கும், கால் பட்டா கழண்டுடும். பாக்ஸ் பிரிக்கும்போதே பிளக்கப் பாருங்க, மெல்லிசா இருந்தா தப்பிச்சீங்க. ஏர் வச்சிருக்கறவன் ஃபோனுக்கு வச்சிருக்குற 65 வாட் டைப் சி சார்ஜரையே சொருகிட்டுப் போய்டுறான். சில கேமிங் மாடல்லயும் டைப் சி சார்ஜிங் இருக்கு, பிரவுசிங், கோடிங்குக்கு ஓகே, கேம் ஆட பத்தாது.

பேட்டரி விஷயத்துலதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. பேட்டரில எவ்வளவு கரண்ட் நிக்கும்னு சொல்ற அளவுதான் வாட் ஹவர், ஏர்ல அது சுமார் 54, லாக்ல 60. அப்போ லாக் தானே ரொம்ப நேரம் நிக்கணும்? நிக்காது. சும்மா பிடிஎஃப் படிக்கும்போது ஏர் அஞ்சாறு வாட்ல ஓட்டிடும், கேமிங் லேப்டாப்ல வேகத்துக்காக கரண்ட் ஜாஸ்தி இழுக்குற ஹெச் சீரிஸ் ப்ராசஸர், செகண்டுக்கு 144 தடவ படம் மாறுற 144 ஹெர்ட்ஸ் ஸ்கிரீன், ஃபேன் எல்லாம் சேந்து பதினஞ்சு வாட்டுக்கு மேல இழுக்கும். கணக்கு போட்டா அதுல பத்து மணி நேரம், இதுல நாலு. அந்த நாலும் கிராஃபிக்ஸ் கார்டு தூங்கினாத்தான். கேம் லாஞ்சர் ஒண்ணு கீழ டாஸ்க்பார்ல சத்தமில்லாம ஓடிட்டு இருந்தாப் போதும், என்விடியா கார்டு முழிச்சிக்கும், ரெண்டரை மணி நேரத்துல சிவப்பு காட்டும். பெரிய பேட்டரி போட்டா சரியாப் போகுமான்னா அதுக்கும் வழியில்ல, 100 வாட் ஹவருக்கு மேல போனா ஸ்பெஷல் பர்மிஷன் இல்லாம ஃபிளைட்ல கொண்டு போக முடியாது, அதனால கம்பெனிங்க எல்லாம் 90, 99னு அங்கயே நின்னுடுறாங்க.

சார்ஜர கழட்டிட்டா கேமிங் லேப்டாப்போட "பவரும்" கூடவே கழண்டுடும், இது நிறைய பேருக்குத் தெரியுறதே இல்ல. சிபியு, அதாவது ப்ராசஸர், ஜிபியு, அதாவது கிராஃபிக்ஸ் கார்டு, ரெண்டும் முழு வேகத்துல ஓடினா 150 வாட் வரை இழுக்கும், 60 வாட் ஹவர் பேட்டரி அந்த ரேட்ல போனா அரை மணி நேரம்கூட தாங்காது, அதனால சிஸ்டமே வேகத்தக் குறைச்சிடுது. பிளக்ல 90 எஃப்பிஎஸ், அதாவது செகண்டுக்கு 90 ஃப்ரேம் வந்த கேம் பேட்டரில 30ல திக்கும். ஏர்ல பிளக் இருந்தாலும் இல்லன்னாலும் ஒரே வேகம்.

சரி, இதுவரைக்கும் ஏருக்கு வக்காலத்து வாங்கின மாதிரி இருக்கும். மறுபக்கமும் நிறைய இருக்கு, அத மறைக்க முடியாது.

முதல்ல டிபார்ட்மென்ட். மெக்கானிக்கல் பையனுக்கு மேக் வாங்கிக் குடுக்காதீங்க, பார்ட் டிசைன் பண்ற சாலிட்வொர்க்ஸ் சாஃப்ட்வேர் விண்டோஸ்ல மட்டும்தான். ஆர்க்கிடெக்சர்னா பில்டிங் டிசைன் பண்ற ரெவிட், அதுவும் அப்படித்தான். ஈசிஇல சிப் ப்ரோகிராம் பண்ற கெய்ல் யூவிஷன், விவாடோ ரெண்டும் மேக்ல வராது. ஆட்டோகேட், மேட்லாப் மட்டும் மேக்ல இருக்கு. விர்ச்சுவல் மெஷின்ல விண்டோஸ் போட்டு ஓட்டலாமேன்னு யாராவது சொன்னா, லேப் எக்ஸாமுக்கு முந்தின நாள் ராத்திரி லைசன்ஸ் எர்ரர் வரும்போது அவங்களுக்கே ஃபோன் போட்டுக் கேளுங்க. இந்த டிபார்ட்மென்ட் பசங்களுக்கு விண்டோஸ் கட்டாயம், 3டி மாடல் பெருசாகப் பெருசாக தனி கிராஃபிக்ஸ் கார்டும் தேவைப்படும். ஆர்க்கிடெக்சர் தேர்ட் இயர்ல 3டி மாடல படமா மாத்துற ரெண்டர் வேலைய போட்டுட்டு தூங்கப் போற பொண்ணுக்கு 1.24 கிலோவ வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

அடுத்து, ஏர்ல ஃபேன் கிடையாது. சத்தம் வராதுங்கறது நல்லதுதான், ஆனா வீடியோ எக்ஸ்போர்ட் மாதிரி விடாம ஓடுற வேலைல சூடாகி பத்து நிமிஷத்துல வேகம் இறங்கிடும். கேமிங் லேப்டாப்ல ரெண்டு ஃபேன், தடியான ஹீட் பைப், அது மணிக்கணக்கா அதே வேகத்துல ஓடும். சத்தம் மட்டும் மிக்சி ஜார் காலியா ஓடுற மாதிரி வரும், ராத்திரி ஒரு மணிக்கு ரூம்மேட் தலகாணிய எடுத்து எறிவான். நம்ம ஊரு மே மாசத்துல, ஏசி இல்லாத ஹாஸ்டல் ரூம்ல, சீலிங் ஃபேனே அனல் காத்த வீசிட்டு இருக்கும்போது அந்த மெஷின் பாவம்தான். அடியில ரெண்டு பக்கமும் கனமான புக் குடுத்து நடுவுல காத்து போற மாதிரி தூக்கி வச்சா கொஞ்சம் இறங்கும். மெத்தை மேல வச்சு மட்டும் ஆடாதீங்க, காத்து உள்ள போற ஓட்டையெல்லாம் அடியிலதான் இருக்கு.

அப்புறம் ரிப்பேரும் அப்கிரேடும். கேமிங் லேப்டாப்போட அடி மூடிய கழட்டினா பெரும்பாலும் ரெண்டு ராம் ஸ்லாட், எஸ்எஸ்டிக்கு இன்னொரு இடம் இருக்கும், சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் கடைங்கள்ல போயி நின்னா கண்ணு முன்னாடியே மாட்டிக் குடுத்துடுவாங்க. ஏர்ல ராம் ப்ராசஸர் பேக்கேஜோடயே வருது, வாங்கும்போது என்னவோ அதுதான் கடைசி வரைக்கும். விண்டோஸ் லேசு லேப்டாப்லயும் இப்போ நிறைய அப்படித்தான், போர்டுலயே ஒட்டி வச்சிடுறாங்க. லேன் போர்ட், ஹெச்டிஎம்ஐ எல்லாம் கேமிங்ல உடம்புலயே இருக்கும், ஹாஸ்டல்ல வைஃபை படுத்துடுற ராத்திரி அந்த லேன் போர்ட்டோட அருமை தெரியும். ஏர்ல ரெண்டு டைப் சி, சார்ஜ் போட ஒரு மேக்சேஃப், ஹெட்ஃபோன் ஓட்டை, அவ்வளவுதான், மத்த போர்ட்டுக்கு மாட்டுற டாங்கிள தொலைக்கிறதே ஒரு தனிப் படிப்பு.

கேம பத்தி ரெண்டு வரி போதும். வேலரன்ட் மேக்ல வராது. ஃபிரண்ட்ஸ் எல்லாம் அதத்தான் ஆடுறாங்க, நானும் ஆடணும்னு ஒருத்தன் நேர்மையா சொன்னா அதுவும் ஒரு காரணம்தான், அதுல ஒரு தப்பும் இல்ல. "ப்ராஜெக்டுக்கு வேணும்பா"ன்னு அப்பாகிட்ட சுத்தி வளைக்காம இருந்தாச் சரி.

சிஎஸ்இ பசங்க சொல்ற "ப்ராஜெக்ட்" எதுன்னா மெஷின் லேர்னிங். ஜிபியு இல்லாம ஏஐ படிக்க முடியாதுன்னு ஒரு வதந்தி ஓடிட்டு இருக்கு. முதல் ரெண்டு வருஷம் சி, பைத்தான், ஜாவா, டேட்டாபேஸ், இதுக்கெல்லாம் ஜிபியு எதுக்கு? மூணாவது வருஷம் மாடல் ட்ரெயின் பண்ணப் போறீங்கன்னு வச்சுக்கோங்க, 4050ல இருக்குற மெமரி 6 ஜிபி, நெட்லயே கோட் ஓட்டுற கூகுள் கோலாப்ல ஃப்ரீயாவே கிடைக்குற டி4 கார்டுல 16 ஜிபி. கோலாப் நடுவுல கட் ஆகும், எப்பவும் ஜிபியு கிடைக்கும்னு கேரண்டி இல்ல, அது வாஸ்தவம்தான். ஆனா அதுக்காக தினமும் மூணு கிலோ தூக்கணுமான்னு யோசிங்க. என்விடியா கார்டுக்குன்னே இருக்குற குடா ப்ரோகிராமிங்கே கத்துக்கணும், கிராஃபிக்ஸ்ல இறங்கணும்னு இருக்கறவனுக்கு மட்டும் என்விடியா கார்டு கையிலயே இருக்குறது பெரிய வித்தியாசம்.

கடையில ஏமாத்துற ரெண்டு மூணு இடம் இருக்கு, எந்தப் பக்கம் போனாலும் பாத்துக்கோங்க. ஆர்டிஎக்ஸ் 4050ன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா எல்லாம் ஒண்ணு இல்ல, அந்த கார்டுக்கு எத்தன வாட் குடுக்குறாங்கங்கறது மாடலுக்கு மாடல் மாறும், என்விடியாவே 35லருந்து 115 வாட் வரைக்கும் கம்பெனிங்க இஷ்டத்துக்கு விட்டிருக்கு. 45 வாட் 4050ம் 100 வாட் 4050ம் பேருல மட்டும்தான் அண்ணன் தம்பி. இந்த வாட் கணக்குக்கு டிஜிபின்னு பேரு, அது எவ்வளவுன்னு கேளுங்க, கடைக்காரர் முழிச்சார்னா கம்பெனி சைட்ல பாத்துட்டு வந்து வாங்கிக்கலாம்.

ப்ராசஸர் பேரும் அப்படித்தான். ஏஎம்டியோட ரைசன் 7000 சீரிஸ்ல மூணாவது நம்பரப் பாக்கணும், அதுதான் உள்ள இருக்குற ஜென் டிசைன் எந்த தலைமுறைன்னு சொல்லும். 7520யூங்கறதுல மூணாவது 2, அதாவது ஜென் 2, உள்ள இருக்கறது பழைய சரக்கு. 7840ஹெச்எஸ்ல மூணாவது 4, ஜென் 4. ரெண்டுமே கேக்க "7000 சீரிஸ்". இன்டெல்ல கடைசி எழுத்து, யூன்னா கம்மி கரண்ட், ஹெச்னா ஜாஸ்தி வேகம் ஜாஸ்தி சூடு. வெறும் ஐ7னு சொல்லி விக்கிறவர நம்பாதீங்க, யூ சீரிஸ் ஐ7அ விட ஹெச் சீரிஸ் ஐ5 ரெண்டரிங் மாதிரி வேலைல முந்திடும்.

ஸ்கிரீன்ல காச மிச்சம் பிடிக்கிறது பட்ஜெட் கேமிங் லேப்டாப்போட பரம்பரை வியாதி. 144 ஹெர்ட்ஸ்னு கொட்டை எழுத்துல இருக்கும், கீழ பொடி எழுத்துல 250 நிட்ஸ், 45 சதவீதம் என்டிஎஸ்சி, அதாவது வெளிச்சமும் கம்மி, கலரும் கம்மி. அதுல பாத்தா தக்காளி கூட செங்கல் கலர்ல தெரியும். டிசைன், ஃபோட்டோ எடிட்டிங் பக்கம் போறவங்க கலர் அளவு 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி இல்லாம எடுக்காதீங்க.

இன்னொரு கூட்டம் "நடுவுல ஒண்ணு" தேடுது, மெல்லிசாவும் இருக்கணும், ஆர்டிஎக்ஸ் 3050 கார்டும் இருக்கணும். எனக்கு அதுல உடன்பாடு இல்ல. மெல்லிசு உடம்புக்குள்ள கார்டுக்கு கரண்டும் கம்மி, காத்தும் கம்மி, 4 ஜிபி மெமரி மாடல்னா புது கேம் செட்டிங்ஸ குறைச்சாத்தான் ஓடும், பேட்டரியும் நிக்காது. ரெண்டு பக்கத்து குறையும் ஒரே டப்பால வந்து சேரும். அதுக்கு இப்போ அம்பது அறுபதாயிரத்துல நல்ல லேசான விண்டோஸ் லேப்டாப் ஒண்ணு எடுத்துட்டு, மிச்சக் காச வச்சிருந்து அப்புறமா தேவைப்பட்டா வீட்டுல டெஸ்க்டாப் போட்டுக்கலாம், அதே காசுக்கு டெஸ்க்டாப்ல கார்டு இன்னும் வேகமா ஓடும். டே ஸ்காலருக்கு இதுதான் சரி. ஹாஸ்டல் பையனுக்கு ஒத்து வராது, வைக்க இடமும் இல்ல, லீவுல தூக்கிட்டு வரவும் முடியாது, அங்க கேமிங் லேப்டாப்தான் ஜெயிக்கும்.

ஆக சிஎஸ்இ, ஐடி, காமர்ஸ், ஆர்ட்ஸ், மெடிக்கல்னா லேசானது. மெக்கானிக்கல், சிவில், ஆர்க்கிடெக்சர், அனிமேஷன்னா கேமிங். ஈசிஇ, ட்ரிபிள்ஈக்கு விண்டோஸ் இருந்தாப் போதும், கார்டு அவசியமில்ல. கேமிங் வாங்கி நாள் முழுக்க பிளக்லயே வைக்கப் போறீங்கன்னா முதல் நாளே அந்தந்த கம்பெனியோட ஆப்ல போயி சார்ஜ் 80 சதவீதத்துல நிக்கிற மாதிரி வச்சிடுங்க, இல்லன்னா பேட்டரி சீக்கிரம் தேஞ்சிடும், சிலதுல உப்பி டச்பேட தூக்கவும் செய்யும். கடைக்குப் போகும்போது காலேஜ் பைய எடுத்துட்டுப் போங்க, லேப்டாப்ப அடாப்டரோட உள்ள வச்சு பையனையே மாட்டச் சொல்லி ரெண்டு மாடி ஏறி இறங்கச் சொல்லுங்க. எந்தப் பக்கம் எடுத்தாலும் ராம் 16 ஜிபி, 8 ஜிபிய காட்டி "அப்புறம் ஏத்திக்கலாம் சார்"னு சொன்னா ஸ்லாட் இருக்கா இல்ல ஒட்டியிருக்கான்னு கேளுங்க, ஒட்டியிருந்தா அடுத்த கடைக்குப் போங்க.