ஸ்க்ரீன்ஷாட் டிக்கெட்டை நம்பி வெளியூர் போகாதீர்கள்

வார இறுதியில் ஒரு பாப்-பங்க் (வேகமான ராக் இசை வகை) கான்சர்ட்டுக்காக வெளியூர் போய், அரங்கத்தின் வெளிச்சுவரில் சாய்ந்தபடி மொத்தக் கச்சேரியையும் கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறேன். உள்ளே விடவில்லை. கையில் டிக்கெட் இருந்தது, அதாவது இருந்ததாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கிரீன் டே, பிளிங்க்-182 போன்ற பேண்டுகள் என்று பள்ளி நாட்களில் ஆரம்பித்த பைத்தியம் இது. நான் பார்க்கப் போன பேண்டின் பெயர் வேண்டாம், அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. விற்பனை தொடங்கிய அன்றே டிக்கெட் தீர்ந்துவிட்டது. ரசிகர் குழுவில் ஒருவர், "உடம்பு சரியில்லை, போக முடியாது, வாங்கின விலைக்கே தருகிறேன்" என்று போட்டிருந்தார். இரண்டு மடங்கு கேட்டிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன், வாங்கின விலை என்றதும் நல்ல மனுஷன் என்று விழுந்துவிட்டேன். கணக்கும் பழையது, பழைய கான்சர்ட் படங்கள் எல்லாம் இருந்தன. (அந்தக் கணக்கே யாரிடமிருந்தோ திருடியதாக இருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.)

டிக்கெட் ஆப்பிலேயே என் பெயருக்கு மாற்றிவிடச் சொன்னேன். "டிரான்ஸ்ஃபர் இன்னும் திறக்கவில்லை, கான்சர்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னால்தான் திறப்பார்கள், அதுவரை ஸ்க்ரீன்ஷாட் வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. சில நிகழ்ச்சிகளுக்கு நிஜமாகவே அப்படிப் பூட்டி வைப்பார்கள். சரி, திறந்த பிறகு பணம் தருகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. கமிஷன் பிடிப்பார்கள் என்று சொல்லி, பணத்தையும் 'நண்பர்கள், குடும்பம்' என்ற வகையில் அனுப்ப வைத்தார். பேபால் என்ற இணையப் பணப் பரிமாற்றச் சேவையில் அப்படி அனுப்பும் பணத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது. பொருள் வாங்குவதாகக் குறித்து அனுப்பியிருந்தால் புகார் கொடுத்துக் கேட்கவாவது வழி இருந்திருக்கும்.

வாசலில் ஸ்கேனர் வைத்திருந்த பெண் என் போனை ஒரு நொடிதான் பார்த்தார். "இது படம். ஆப்பில் திறந்து காட்டுங்கள்" என்றார். டிக்கெட் விற்கும் டிக்கெட்மாஸ்டர் நிறுவனத்தின் சேஃப்டிக்ஸ் போன்ற முறைகளில் பார்கோடு சில விநாடிக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கும், நேற்று எடுத்த படம் இன்று வெறும் கோடுதான். விற்றவருக்கு அங்கிருந்தே செய்தி அனுப்பினேன், பிளாக் செய்திருந்தார். உதவி கவுன்ட்டரில் போய் நின்றால், "இதே படத்தோடு நீங்கள் மூன்றாவது ஆள்" என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள், அதுதான் வயிற்றெரிச்சல்: மேடை அமைத்து முடித்த பிறகு, ஒதுக்கி வைத்திருந்த டிக்கெட்டுகளில் கொஞ்சத்தை அன்று மதியம் கவுன்ட்டரிலேயே விற்றிருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் ஊர் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் வெளியே நின்றேன். சுவர் வழியாக டிரம்ஸும் பேஸும் மட்டும்தான் வரும், பாடல் எது என்று அதிலேயே தெரிந்துவிடும், கோரஸ் வரும்போது உள்ளே ஆயிரக்கணக்கான பேர் சேர்ந்து கத்துவது கேட்கும். ஏமாந்த மற்ற இருவரில் ஒருவர் பக்கத்திலேயே நின்று ஒரு வரி விடாமல் பாடினார், நானும் பாடினேன். அழுகையா சிரிப்பா என்று எங்களுக்கே தெரியவில்லை.

அதனால், ஆப் வழியாக உங்கள் கணக்குக்கு வந்து சேராத எதுவும் டிக்கெட் இல்லை, யார் எவ்வளவு உருகிச் சொன்னாலும். மறுவிற்பனை என்றால் அந்த டிக்கெட்டை முதலில் விற்ற தளத்திலேயே அதற்கான வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பணம் கார்டில் கட்டுங்கள். தங்கும் அறையை, ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையில் பதிவு செய்யுங்கள். பயணம் வீணாவதற்கு ஏமாற்றுக்காரனே தேவையில்லை, 2022 அக்டோபர் 22 அன்று லாஸ் வேகஸில் வென் வி வேர் யங் என்ற இசை விழாவின் முதல் நாளைப் பலத்த காற்று காரணமாக அன்றைக்கே ரத்து செய்தார்கள். அந்த மாதிரி நேரத்தில் டிக்கெட் பணம் திரும்பி வரும், விமானத்துக்கும் அறைக்கும் கொடுத்தது வருமா என்பது நீங்கள் எப்படிப் பதிவு செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது.

புகார் கொடுத்திருக்கிறேன், பணம் இன்னும் வரவில்லை. நேற்று நண்பன் ஒருவன் ஒரு படம் அனுப்பினான். அதே கணக்கு, வேறு ஊர், வேறு பேண்ட். "உடம்பு சரியில்லை, வாங்கின விலைக்கே தருகிறேன்."