இபிசாவில் இரவுகள்: சான் அந்தோனியோவா, பிளாயா தென் போசாவா, இபிசா டவுனா?

இரவு நடன கிளப்புகளுக்குப் பேர்போன ஸ்பெயின் தீவான இபிசாவுக்குக் கிளம்புகிறவர்கள் முதலில் தேடுவது எந்தக் கிழமை எந்த டிஜே என்ற பட்டியலைத்தான். அதுவும் வேண்டியதுதான். அங்கே ஒவ்வொரு பார்ட்டிக்கும் வாரத்தில் ஒரு நாள் உண்டு, கோடை முழுக்க அந்த நாள்தான். டிசி 10 கிளப்பில் சர்கோலோகோ பார்ட்டி என்றால் திங்கள்கிழமை, 1999இலிருந்து அப்படித்தான். ஆனால் என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலைத் திறப்பதற்கு முன்பே எந்த ஊரில் அறை எடுப்பது என்று முடிவு செய்துவிட வேண்டும்.

காரணம் காலை ஆறு மணி. பெரிய கிளப்புகள் நள்ளிரவை ஒட்டித் திறந்து விடியற்காலையில் மூடுகின்றன. தேர் நிலைக்கு வந்ததும் கலைகிற கூட்டம்போல ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் சாலைக்கு வந்துவிடுவார்கள். ஆகஸ்டில் அந்த நேரத்து டாக்ஸி வரிசை எளிதில் நகராது. உரிமம் இல்லாத கார்கள் பக்கத்தில் வந்து நின்று கூப்பிடும். ஏறாதீர்கள், இறங்கும்போது அவர்கள் கேட்பதுதான் கட்டணம். கோடை இரவுகளில் டிஸ்கோ பஸ் என்ற பெயரில் ஊர்களையும் கிளப்புகளையும் இணைக்கும் பேருந்துகள் ஓடுகின்றன. மலிவு, நம்பலாம். ஆனாலும் கால் கடுத்து, காது அடைத்துப்போய் நிற்கிற நேரத்தில் படுக்கை நடந்துபோகிற தூரத்தில் இருப்பதற்கு ஈடே கிடையாது.

தீவு சின்னதுதான், 571 சதுர கிலோமீட்டர். கிழக்குக் கரையில் இபிசா டவுன். அதற்குத் தெற்கே ஒட்டினாற்போல பிளாயா தென் போசா கடற்கரை. அங்கிருந்து விமான நிலையம் பக்கம். மேற்குக் கரையில் சான் அந்தோனியோ, டவுனிலிருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர். இரண்டு கரைகளுக்கும் நடுவே நெடுஞ்சாலை ஓரத்தில் சான் ரஃபாயேல் என்ற சிற்றூர். கிளப்புகள் இந்த நான்கு இடங்களில்தான் குவிந்திருக்கின்றன.

பணம்தான் முதல் கவலை என்றால் சான் அந்தோனியோ. மூன்றில் பொதுவாக அங்கேதான் அறை வாடகை குறைவு. அந்த ஊருக்கென்று இருக்கிற பெரிய சொத்து சூரிய அஸ்தமனம். ஜூன், ஜூலையில் சூரியன் இறங்க இரவு 9.20 ஆகிவிடும். 1980இல் தொடங்கிய கஃபே தெல் மார் அந்தப் பாறைக் கரையில்தான் இருக்கிறது. அங்கே டிஜேவாக இருந்த ஹோசே பதீயா அந்த நேரத்துக்கென்றே மெதுவான இசையைத் தேர்ந்தெடுத்துப் போட்டு, அதை உலகம் முழுவதும் கொண்டுபோனார். மேசைக்குக் காசு கொடுக்க விருப்பமில்லாதவர்கள் முன்னால் இருக்கும் பாறைகளில் உட்கார்ந்துகொள்ளலாம். இசை அங்கேயும் கேட்கும், சூரியனும் அதேதான்.

ஊருக்குள் வெஸ்ட் எண்ட் என்று ஒரு பகுதி, வரிசையாக பார்கள். பெரும்பாலும் பிரிட்டிஷ் இளைஞர்கள். குடித்துவிட்டுப் பால்கனியிலிருந்து விழுவது போன்ற விபத்துகள் பெருகியதால் 2020இல் இபிசா அடங்கிய தீவுக்கூட்டத்தை ஆளும் பலேயாரிக் அரசு இந்தப் பகுதியையும் பக்கத்துத் தீவான மயோர்க்காவின் சில கடற்கரைப் பகுதிகளையும் குறிவைத்துச் சட்டம் கொண்டுவந்தது. ஹேப்பி ஹவர், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம், கும்பலாக பார் பாராக அழைத்துப் போவது எல்லாவற்றுக்கும் தடை. அது சரியான முடிவு. ஆனால் பழைய வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதே கும்மாளத்தை எதிர்பார்த்துப் போகாதீர்கள். உள்ளூர் கிளப் என்றால் 1975இலிருந்து இருக்கிற எஸ் பராடீஸ், கண்ணாடிப் பிரமிடு கூரையும் நடன மேடையில் தண்ணீர் நிரப்பும் பார்ட்டியும் அதன் அடையாளம், எதிரிலேயே ஈடன். இவை போதும் என்பவர்களுக்கு ஊர் பொருந்தும். மற்றப் பெரிய பெயர்களெல்லாம் தீவின் நடுவிலோ மறுபக்கத்திலோதான். ஒவ்வொரு இரவும் குறுக்கே போய்த் திரும்ப வேண்டியிருக்கும்.

பிளாயா தென் போசா நேர் எதிர். அங்கே பயணமே வேண்டாம். 2011இல் திறந்த உஷுவாயா ஒரு ஹோட்டல். நடுவில் நீச்சல் குளம், குளத்தருகே பிரமாண்ட மேடை, சுற்றிலும் அறைகளின் பால்கனிகள். திறந்தவெளி என்பதால் மாலையில் தொடங்கி நள்ளிரவுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். முடிந்ததும் சாலையைக் கடந்தால் ஹை கிளப். அதே இடத்தில் முன்பு இருந்தது ஸ்பேஸ் என்ற கிளப். பிரிட்டிஷ் டிஜே கார்ல் காக்ஸ் பதினைந்து கோடைகள் அங்கே வாசித்தார். 2016 அக்டோபரில் அதை மூடியபோது கண்ணீர் விட்டவர்கள் ஏராளம். 2017இல் ஹை வந்தது. கழிவறைக்குள்கூட ஒரு டிஜே மேடை வைத்திருக்கிறார்கள். டிசி 10 போக வேண்டுமானாலும் இங்கிருந்து டாக்ஸியில் கொஞ்ச தூரம்தான். ஓடுபாதைக்கு அருகிலேயே அந்தக் கிளப். மாலை வெளிச்சத்தில் ஆடிக்கொண்டிருக்கும்போது விமானங்கள் தலைக்கு மேலே தாழப் பறந்து போகும். அது அந்த இடத்துக்கே உரிய அழகு.

அதே விமானங்கள்தான் காலையில் உங்கள் தூக்கத்தையும் கலைக்கும். அதைவிடப் பெரிய குறை, கிளப்புக்குப் போகாத இரவில் அங்கே செய்வதற்கு ஒன்றும் இல்லை. ஹோட்டல், கடற்கரை, துரித உணவுக் கடை, மறுபடியும் ஹோட்டல். உள்ளூர்க்காரர்கள் வாழ்கிற தெரு கண்ணில் படாது. விலையும் அதிகம். இரண்டே இரவுகள், இரண்டும் நடனத்துக்கே என்று போகிறவர்களுக்கு மட்டும்தான் இதைச் சொல்வேன்.

ஒரு வாரம் இருப்பதாக இருந்தால் இபிசா டவுன். இதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகமில்லை. டிக்கெட் இல்லாத இரவும் அங்கே நல்ல இரவுதான். தால்த் வீலா என்ற கோட்டை நகரம் 1999இலிருந்து யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். பழைய சந்தைக் கட்டடத்துக்கு எதிரே சரிவுப் பாதையில் ஏறி, கோட்டை வாசலைக் கடந்தால் உள்ளே சாப்பாட்டு மேசைகள். இரவு பத்து மணிக்குச் சாப்பிட உட்காருவது அங்கே சாதாரணம். பக்கத்து மேசையில் பாட்டி, பேரன் சகிதம் ஒரு குடும்பம் அப்போதுதான் மெனுவைப் பிரித்துக்கொண்டிருக்கும். சாப்பாடு முடிந்ததும் ஹியெர்பாஸ் என்று சின்னக் கோப்பையில் ஒரு மூலிகை மதுவைக் கொண்டுவந்து வைப்பார்கள். சோம்பு வாசம் தூக்கலாக இருக்கும். குதிகால் உயர்ந்த செருப்பு மட்டும் வேண்டாம், வழியெல்லாம் கல் பாவிய சரிவு.

அப்புறம் கீழே இறங்கித் துறைமுகத்தைச் சுற்றி நடந்தால் இருபது நிமிடத்தில் பாச்சா கிளப். 1973இல், ஊர் இன்னும் அந்தப் பக்கம் வளராதபோது, வெள்ளையடித்த பண்ணை வீட்டின் அமைப்பில் கட்டியது. இரட்டைச் செர்ரிப் பழச் சின்னம் எல்லோருக்கும் தெரியும். திரும்பும்போதும் அதே நடை. கடற்கரைக் காற்று, விடிகிற வானம், திறக்க ஆரம்பிக்கும் ரொட்டிக் கடைகள். டாக்ஸி வரிசையைத் திரும்பிப் பார்க்கவே வேண்டாம். அறை மட்டும் துறைமுகத்துத் தெருக்களில் எடுக்காதீர்கள். அங்கே சத்தம் ஓய்வதில்லை. இரண்டு மூன்று தெரு தள்ளி எடுங்கள்.

சான் ரஃபாயேல் கிளப்புகளைப் பொறுத்தவரை எந்த ஊரில் தங்கினாலும் வாகனம் வேண்டும். அம்னீசியாவை விட்டுவிடாதீர்கள். 1976இல் தொடங்கியது. எண்பதுகளில் அர்ஜென்டினாக்காரரான டிஜே ஆல்ஃபிரெதோ ராக், பாப், ஹவுஸ் என்ற நடன இசை எல்லாவற்றையும் ஒரே இரவில் கலந்து போட்டது இங்கேதான். 1987 கோடையில் அதைக் கேட்டுவிட்டுப் போன பிரிட்டிஷ் டிஜே பால் ஓக்கன்ஃபோல்டும் நண்பர்களும்தான் அந்த இசையை லண்டனில் பரப்பினார்கள். அன்று திறந்தவெளியாக இருந்த அதன் டெரஸுக்கு இப்போது கண்ணாடிக் கூரை. கடைசி ஒரு மணி நேரத்தில் வெளிச்சம் மெல்ல மெல்ல உள்ளே இறங்கும். சுற்றி ஆடுகிறவர்களின் முகங்கள் அப்போதுதான் தெரியத் தொடங்கும். அதற்காகவாவது முடியும்வரை இருங்கள். பக்கத்திலேயே கூ என்றும் பிறகு ப்ரிவிலேஜ் என்றும் பெயர் பெற்ற பெரிய கிளப், 2025இல் யூனிவர்ஸ் என்று மறுபடி திறந்திருக்கிறது.

எங்கே தங்கினாலும் ஓர் இரவுக்கு ஒரு கிளப் போதும். நுழைவுச்சீட்டு பெரும்பாலும் 50 யூரோவைத் தாண்டும். இரண்டு இடத்துக்கு வாங்கினால் இரண்டிலும் பாதிதான் பார்ப்பீர்கள். முன்கூட்டியே இணையத்தில் வாங்கிவிட்டால் விலை குறைய வாய்ப்புண்டு. உள்ளே ஒரு பாட்டில் தண்ணீரே பத்து யூரோ அளவுக்குப் போகும். அதில் மட்டும் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வெக்கையில் மணிக்கணக்காக ஆடுகிற உடம்புக்குத் தண்ணீர் கட்டாயம் வேண்டும். கூட வந்தவர் தள்ளாடினால், பேச்சு குழறினால், அவசர உதவி எண் 112ஐக் கூப்பிடத் தயங்க வேண்டாம்.

இன்னொன்று, மாதம். மேலே சொன்ன வாடகை வித்தியாசம் ஜூலை, ஆகஸ்டில்தான் கடுமையாக இருக்கும். செப்டம்பர் பின்பாதியில் டவுனிலும் அறைகள் இறங்கிவரும், கடல் நீர் இன்னும் வெதுவெதுப்பாகவே இருக்கும், டாக்ஸியும் கிடைக்கும். அக்டோபர் தொடக்கத்தில் கிளப்புகளின் நிறைவு பார்ட்டிகள் வந்துவிடும். அந்த வாரங்களில் போவதாக இருந்தால் செலவைக் காரணம் காட்டி சான் அந்தோனியோவில் தங்க வேண்டியதில்லை. அஸ்தமனத்துக்கு ஒரு மாலை பஸ் ஏறிப் போய்விட்டு வந்தால் போதும்.