லேத், மில்லிங் மெஷினுக்கு எண்ணெய்: பல வருடப் பயன்பாட்டில் தேறியவை

வீட்டுப் பட்டறையில் ஒரு சிறிய லேத் (உலோகத்தைச் சுற்றவிட்டுக் கடைவது), ஒரு மில்லிங் மெஷின் (சுழலும் வெட்டியால் உலோகத்தைச் செதுக்குவது), ஒரு டிரில்லிங் மெஷின் மூன்றையும் பல வருடங்களாக ஓட்டி வருகிறேன். அலமாரியில் எத்தனையோ எண்ணெயும் கிரீஸும் வந்து போயிருக்கின்றன. இன்று மிஞ்சியிருப்பவை நான்கு: ஸ்லைடுவே ஆயில் 68 (மெஷினின் நகரும் தளங்களுக்கானது), ஹைட்ராலிக் ஆயில் 32, ஒரு டப்பா லித்தியம் கிரீஸ், சின்ன டியூபில் மாலிப்டினம் பேஸ்ட். வீட்டில் வேலை செய்கிறவருக்கு இதற்கு மேல் அதிகம் தேவைப்படாது. எண்ணெய் போக வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கும் பழக்கத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் கொடுப்பேன்.

முதலில் அந்த எண்கள். டப்பாவில் ஐஎஸ்ஓ விஜி 68 என்று போட்டிருந்தால், 40 டிகிரி செல்சியஸில் அந்த எண்ணெயின் பிசுக்குமை, அதாவது ஓடும் கெட்டித்தன்மை, ஏறக்குறைய 68 சென்டிஸ்டோக் (அதை அளக்கும் அலகு), பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். இன்ஜின் ஆயில் டப்பாவில் வரும் எண்கள் வேறு கணக்கு. எஸ்ஏஇ 20 என்பது கிட்டத்தட்ட இந்த 68-க்குப் பக்கத்தில் வரும். இரண்டு கணக்கையும் குழப்பிக்கொண்டு தடித்த எண்ணெயை ஊற்றுகிறவர்கள் நிறையப் பேர்.

ஸ்லைடுவே ஆயிலுக்கு மாறும் முன் லேத் பெட்டுக்கு (மற்ற பாகங்கள் நகரும் அடித்தளம்) ஹைட்ராலிக் ஆயில் 68-தான் போட்டு வந்தேன். பிசுக்குமை ஒன்றேதான், ஆனால் வித்தியாசம் முதல் நாளே கையில் தெரிந்தது. வெட்டும் கருவியைக் குறுக்காக நகர்த்தும் கிராஸ் ஸ்லைடை 0.02 மில்லிமீட்டர் மட்டும் நகர்த்த வேண்டும் என்று வையுங்கள். கைப்பிடி திரும்பும், ஸ்லைடு நிற்கும், அப்புறம் திடீரென்று ஒரு தாவு தாவும், அளவு போய்விடும். மெதுவாக நகரும் தளங்களில் உராய்வு இப்படிப் பிடித்துப் பிடித்து விடும். ஸ்லைடுவே ஆயிலில் அதைக் குறைக்கும் சேர்மானமும், தளத்தோடு ஒட்டிக்கொள்ளும் பிசுபிசுப்பும் உண்டு. போட்ட பிறகு தாவல் நன்றாகக் குறைந்தது. மில்லிங் மெஷினின் செங்குத்துத் தளத்தில் ஹைட்ராலிக் ஆயில் வடிந்து கீழே தேங்கிவிடும், இது நிற்கிறது. சில வாரம் மெஷின் பக்கம் போகாவிட்டாலும் பெட்டில் படலம் இருக்கிறது, துருவும் பிடிக்கவில்லை. மொபில் வாக்ட்ரா நம்பர் 2 இந்த ரகத்தில் பலருக்கும் பழக்கமான பெயர், ஆனால் ஸ்லைடுவே என்றும் 68 என்றும் போட்ட நம்பகமான எண்ணெய் எதுவும் சரிதான்.

குறை இல்லாமல் இல்லை. அந்தப் பிசுபிசுப்பு தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும். வார்ப்பிரும்பு கடையும்போது இது பெரிய விஷயம். அதன் தூள் மாவு போல நுண்மையாக இருக்கும், எண்ணெயோடு சேர்ந்தால் பெட்டைத் தேய்க்கும் சாணைப் பசையாகிவிடும். அதனால் வார்ப்பிரும்பு வேலை என்றால் பெட்டை உலரத் துடைத்து, மேலே தாள் விரித்து, வேலைப்பொருளைப் பிடித்துச் சுற்றும் சக்குக்குக் கீழே காந்தம் வைத்துவிடுவேன். வேலை முடிந்ததும் பிரஷ்ஷால் பெருக்கி, துடைத்து, புதிதாக எண்ணெய் போட்ட பிறகுதான் பெட்டின் மேல் ஓடும் சாடிலை முழு நீளத்துக்கு நகர்த்துவது. ஏர் கன் மட்டும் வேண்டாம். சீவல்களை அது தளத்தைத் துடைத்தபடி நகரும் வைப்பருக்கு அடியில்தான் கொண்டுபோய்த் திணிக்கும்.

இனி எண்ணெய் போகும் வழி. பெரும்பாலான சிறிய மெஷின்களில் ஸ்பிரிங் வைத்த குட்டி உருண்டை அடைத்திருக்கும் துளைகள்தான். சாதாரண ஆயில் கேனின் மூக்கை அதில் வைத்து அழுத்தினால் முக்கால்வாசி எண்ணெய் மேலேயே வழியும். பார்வைக்கு நனைந்திருக்கும், உள்ளே ஒன்றும் போயிருக்காது. தட்டையான முனை உள்ள, அழுத்தித் தள்ளும் ஆயில் கன் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். இந்த அனுபவத்தில் நான் எந்தத் தயக்கமும் இல்லாமல் பரிந்துரைக்கும் ஒரே பொருள் அதுதான். முனையை உருண்டையின் மேல் நேராக வைத்து, கசியாதபடி அழுத்தித் தள்ள வேண்டும். பிறகு ஸ்லைடை முன்னும் பின்னும் ஓட்டி, அதன் ஓரத்தைப் பாருங்கள். முதலில் கறுப்பாக ஒரு கோடு கசியும், அப்புறம் சாம்பல் நிறம், பிறகு தெளிந்த எண்ணெய். கறுப்பு வருவது நல்லது, உள்ளே இருந்த அழுக்கு வெளியேறுகிறது. தெளிவாகும்வரை போட்டுத் துடைத்தால் போதும். ஒன்றுமே வராவிட்டால் வழி அடைத்திருக்கிறது. என் மில்லிங் மெஷினில் ஒரு துளை வாங்கியபோதே பெயின்டால் அடைந்து கிடந்தது. கழற்றி, மெல்லிய கம்பியும் மண்ணெண்ணெயும் கொண்டு திறந்தேன். கசியும் கோட்டைப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தத் தளம் வறண்டே தேய்ந்திருக்கும்.

லேத்தின் சக்கைச் சுழற்றும் பெட்டியான ஹெட் ஸ்டாக்கில் கியர்கள் எண்ணெயில் முங்கி ஓடும் அமைப்பென்றால், மேனுவல் சொல்லும் எண்ணெய்தான். என்னுடையதற்கு 32. எண்ணெய் மட்டம் காட்டும் கண்ணாடியின் பாதிக் கோடுவரைதான் ஊற்றுவேன். அதிகமானால் நுரைக்கும், சூடாகும், முன்பக்கமாக ஒழுகும். புது மெஷினில் முதல் மாற்றத்தைச் சீக்கிரமே செய்துவிடுங்கள். கியர்கள் ஒன்றோடொன்று படியும்போது உதிரும் உலோகத்தூள் அத்தனையும் அந்த எண்ணெயில்தான் இருக்கும். இன்ஜின் ஆயில் கையில் இருக்கிறதே என்று கேட்பார்கள். அதில் உள்ள டிடர்ஜென்ட் அழுக்கை மிதக்கவிடும், இன்ஜினில் ஃபில்டர் அதைப் பிடித்துக்கொள்ளும். ஹெட் ஸ்டாக்கில் ஃபில்டர் கிடையாது. அழுக்கு அடியில் படிவதே அங்கே நல்லது. கார் கியர் ஆயில் இன்னும் ஆபத்து. ஜிஎல்-5 ரகத்தில் உள்ள கந்தகச் சேர்மானங்கள் வெண்கல புஷ்களை அரிக்கக்கூடும்.

வெண்கலத் தூளை அழுத்திச் செய்த புஷ்கள் இருந்தால் அங்கே கிரீஸ் வேண்டாம். அதன் நுண்துளைகளில் எண்ணெய் ஊறியிருப்பதால்தான் அது ஓடுகிறது, கிரீஸ் அந்தத் துளைகளை மூடிவிடும். மூடிய பேரிங்குகளைச் சும்மா விடுங்கள். திறந்த பேரிங்குக்குக் கிரீஸ் வைத்தால் காலி இடத்தில் மூன்றில் ஒரு பங்கு போதும். நிறைய வைத்தால் சூடேறும். பழையது பாலியூரியா கிரீஸாக இருந்தால் லித்தியத்தைக் கலக்காமல் கழுவிவிட்டே வையுங்கள், இரண்டும் சேர்ந்தால் இளகி ஓடக்கூடும்.

லேத் சக்கின் உட்புறத்தைப் பலர் மறந்துவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் சுருள் பல் வறண்டால் சாவியைத் திருகும் பலத்தில் பெரும்பகுதி உராய்விலேயே போய், வேலைப்பொருளைப் பிடிக்கும் இறுக்கம் குறையும். நான் தாடைகளைக் கழற்றி, பிரஷ்ஷால் சுத்தம் செய்து, மாலிப்டினம் பேஸ்ட்டை மெலிதாகத் தேய்க்கிறேன். சாதாரண கிரீஸை அப்பினால் சீவல் ஒட்டிக்கொள்ளும், சுற்றும்போது முகத்தில் தெறிக்கும்.

டிரில்லிங் மெஷினுக்கு வேலை குறைவு. குயிலில் (டிரில்லோடு ஏறி இறங்கும் உருளை) சில துளி, தூணில் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். பெல்ட்டிலும் டிரில்லைப் பிடிக்கும் கூம்பான மோர்ஸ் டேப்பரிலும் எண்ணெய் படவே கூடாது. டேப்பர் உலர்ந்திருந்தால்தான் பிடிக்கும்.

டபிள்யூடி-40 போன்ற ஸ்ப்ரேக்கள் ஈரத்தை விரட்டவும் பழைய பிசுக்கைக் கரைக்கவும் நன்றாக உதவும். பெட்டுக்கு அதுவே போதும் என்று நினைக்க வேண்டாம், மிஞ்சும் படலம் மிக மெல்லியது.

மில்லிங் மெஷினுக்குக் கடைசியாக ஒரு கைப்பம்ப் பொருத்தினேன். கைப்பிடியை இழுத்தால் எல்லா ஸ்லைடுகளுக்கும் ஒரே நேரத்தில் எண்ணெய் போகும். வேலை தொடங்கும் முன் ஒரு இழுப்பு, நீண்ட வேலையென்றால் இடையில் இன்னொன்று. நல்ல வசதி, ஆனால் ஒவ்வொரு குழாய்க்கும் எண்ணெயை அளந்து விடும் அளவு வால்வு ஒன்று அடைத்தாலும் வெளியே தெரியாது. எண்ணெய் இருக்க வேண்டிய அளவுக்கு மேல் தொட்டியில் அப்படியே நின்றால் சந்தேகப்படுங்கள், ஒவ்வொரு குழாயின் முனையையும் கழற்றிப் பாருங்கள். லேத்துக்கு இதைப் பொருத்தும் எண்ணம் எனக்கு இல்லை. ஆயில் கன்னே அங்கே போதுமானதாக இருக்கிறது.